ப்ரோகிராமர்கள் எதற்காகக் கூட்டம் போடுகிறார்கள்?

எங்கள் பெரியப்பா பையன் சென்னையில் வெப் டெவலப்பர். அவர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. அதில் சட்டை தொங்காது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைகள்தான் கொத்தாகத் தொங்கும். பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று எங்கே ப்ரோகிராமர்கள் கூட்டம் நடந்தாலும் அண்ணன் சனிக்கிழமை இரவு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது ஒரு டீ-ஷர்ட், லேப்டாப்பில் ஒட்ட நாலு ஸ்டிக்கர், இன்னொரு அட்டை. அவ்வளவுதான்.

போன தீபாவளிக்குப் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, சொல்லு. பஸ்ஸுக்குக் காசு, ரூமுக்குக் காசு, உள்ள போக டிக்கெட்டு வேற. இதுக்கெல்லாம் போனா சம்பளம் கூடுமாடா?" எனக்குப் பதில் தெரியவில்லை. முறுக்கு சாப்பிடுவது போல பாவனை செய்து தப்பித்தேன் :-)

அதன் பிறகு எனக்கே ஒரு அனுபவம். ஒரு கல்லூரியில் இரண்டு நாள் வெப் டிசைன் பயிற்சி என்று நோட்டீஸ் பார்த்தேன். கட்டணம் 300 ரூபாய். ஆசையாகப் போனேன். பதிவு மேசையில் இருந்த பையன் "எந்த டிபார்ட்மென்ட்?" என்றான். "பி.காம்." என்றேன். "சாரி, இது கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டும்" என்றான். கையில் எடுத்த 300 ரூபாயை மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. நமக்குச் சம்பந்தமில்லாத கல்யாண வீட்டில் நுழையப் போன மாதிரி.

ஆக என்னிடம் இரண்டு கேள்விகள் சேர்ந்துவிட்டன. பெரியம்மா கேள்வி: இந்தக் கூட்டங்களால் என்ன பயன்? மேசைப் பையன் கிளப்பிய கேள்வி: உள்ளே வரத் தகுதி யாருக்கு? நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கப்பல் கிடைக்காமல் தாமதமாக வந்தவர்

கணினி கட்டுவது எப்படி என்று ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த முதல் பயிற்சி வகுப்பு 1946-ல் நடந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் ஸ்கூல். ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 31 வரை, எட்டு வாரம். அழைக்கப்பட்ட மாணவர்கள் 28 பேர். பாடம் நடத்தியவர்களில் எனியாக் கணினியை உருவாக்கிய எக்கர்ட், மாக்லி இருவரும் உண்டு. ஜான் வான் நாய்மனும் வந்து பேசினார்.

ஏன் இப்படி நேரில் கூட வேண்டியிருந்தது? புத்தகம் கிடையாது. நகல் எடுக்கும் இயந்திரமும் இல்லை. கேம்பிரிட்ஜில் கணித ஆய்வகத்தை நடத்திவந்த மாரிஸ் வில்க்ஸ், புதிய வகைக் கணினி பற்றி வான் நாய்மன் எழுதிய அறிக்கையை 1946 மே மாதத்தில்தான் பார்த்தார். அதுவும் ஒரு நண்பர் ஒரே ஒரு இரவுக்கு இரவல் கொடுத்தது. விடிய விடிய உட்கார்ந்து படித்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுத்தார். பரீட்சைக்கு முதல் நாள் நண்பனிடம் நோட்டு வாங்கிப் படிக்கிற நமக்கு இது நன்றாகவே புரியும் :-)

அவருக்கும் மூர் ஸ்கூலிலிருந்து அழைப்பு வந்தது. ஆனால் போர் முடிந்த சமயம், அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கடைசி இரண்டு வாரம்தான் கிடைத்தது. நம் கல்லூரியாக இருந்தால் வருகைப்பதிவு போதாது என்று சான்றிதழே தந்திருக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்தை வைத்துக்கொண்டு, குயீன் மேரி கப்பலில் ஊர் திரும்பும்போதே அவர் ஒரு கணினியின் வடிவமைப்பைக் குறிக்க ஆரம்பித்துவிட்டார். அதுதான் எட்சாக். 1949 மே 6-ம் தேதி அது முதல் ப்ரோகிராமை ஓட்டியது. தினசரி வேலைக்குப் பயன்பட்ட, ப்ரோகிராமைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்ட கணினிகளில் முன்னோடி அது. எட்டு வாரம் பாடம் நடந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதே மாதிரிக் கணினியை முடிக்க இன்னும் தாமதமானது. எக்கர்ட்டும் மாக்லியும் காப்புரிமைத் தகராறில் அதே 1946-ல் வேலையை விட்டிருந்தார்கள். பாடம் நடத்த மட்டுமே திரும்பி வந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே பல்கலைக்கழகம், அதே 1946, பிப்ரவரி மாதம். எனியாக்கை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் விழா. அதற்கு ப்ரோகிராம் செய்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த கணக்கைத் தயார் செய்தவர்கள் அவர்களில் இருவர், பெட்டி ஸ்னைடரும் பெட்டி ஜென்னிங்ஸும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்கள் அழைக்கப்படவில்லை. வேலையை முடித்துவிட்டுப் பிப்ரவரிக் குளிரில் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கௌரவம் கிடைத்தது 1997-ல்தான். ஐம்பது வருடம்!

என் 300 ரூபாய்க் கதையை நான் பெரிதாக நினைத்ததற்கு இதைப் படித்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

அப்பா பார்த்த அறிவிப்பு

மூர் ஸ்கூலில் கற்றதை வில்க்ஸ் பூட்டி வைக்கவில்லை. 1950 முதல் கேம்பிரிட்ஜில் ப்ரோகிராமிங்குக்கென்றே கோடைக்காலப் பயிற்சி நடத்தினார். 1951-ல் அவரும் வீலர், கில் என்ற இரு சகாக்களும் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் ப்ரோகிராமிங் பற்றி அச்சாகி வெளிவந்த முதல் பாடநூல்.

அந்த 1951 பயிற்சிக்கு நெதர்லாந்திலிருந்து 21 வயது மாணவர் ஒருவர் வந்தார். படித்துக்கொண்டிருந்தது இயற்பியல். பயிற்சி பற்றிய அறிவிப்பைப் பார்த்துச் சொன்னவர் அவருடைய அப்பா. மூன்று வாரம்தான் வகுப்பு. அந்த மாணவர் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். வரைபடத்தில் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1972-ல் டூரிங் விருதும் வாங்கினார்.

அடுத்த வருடமே ஆம்ஸ்டர்டாமில் ப்ரோகிராமர் வேலையில் சேர்ந்தார். 1957-ல் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் தொழில் என்ன என்று கேட்டபோது "ப்ரோகிராமர்" என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுதினார்கள். இதை அவரே தன் விருது உரையில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயிற்சியின் பதிவு மேசையில் யாராவது "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டு, "இயற்பியலா? சாரி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்ல முடியாதுதான். வேறு வழியாக வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். ஆனால் 1951-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு டிபார்ட்மென்ட்டே எங்கும் இல்லாததால் அப்படி யாரும் கேட்கவில்லை!

1968: ஒரே வருடம், இரண்டு கூட்டம்

1968 அக்டோபர் 7 முதல் 11 வரை, மேற்கு ஜெர்மனியில் கார்மிஷ் என்ற மலையூரில் ஏறத்தாழ ஐம்பது பேர் கூடினார்கள். நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு ஏற்பாடு. அப்போதெல்லாம் பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடியாது, பட்ஜெட்டில் அடங்காது, முடிந்தாலும் ஒழுங்காக ஓடாது. கூட்டத்தின் தலைப்பிலேயே "சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்" என்று வைத்தார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதால் அல்ல, இருந்தாக வேண்டும் என்று குத்திக்காட்டத்தான். பாலம் கட்டுகிறவர்களுக்கு இருக்கும் ஒழுங்கு நமக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. டைக்ஸ்ட்ராவும் அங்கே இருந்தார். இன்று நம் ஊரில் லட்சக்கணக்கானவர்களின் விசிட்டிங் கார்டில் இருக்கும் "சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்ற பட்டம் பரவியது அந்த மலையூர்க் கூட்டத்துக்குப் பிறகுதான்.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் 90 நிமிடம் மேடையில் உட்கார்ந்து ஒரு செயல்விளக்கம் காட்டினார். மௌஸ், ஒரு வரியைத் தொட்டால் இன்னொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்பு, தூரத்தில் இருப்பவர் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்வது, எல்லாம் அன்றே காட்டிவிட்டார். பார்த்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் மௌஸ் சாதாரண மக்கள் மேசைக்கு வர இன்னும் பதினைந்து வருடம் பிடித்தது. கைதட்டலை வைத்துக் கூட்டத்தின் பயனை அளக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

எல்லாக் கூட்டமும் வெற்றி என்று கதை விடவும் எனக்கு மனம் வரவில்லை. கார்மிஷ் முடிந்து ஒரு வருடம் கழித்து ரோமில் இரண்டாவது கூட்டம் போட்டார்கள். கோட்பாடு பேசுகிறவர்கள் ஒரு பக்கம், நிஜ வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அறிக்கையைத் தொகுத்தவர்களே எழுதிவிட்டார்கள்.

நிராகரிக்கப்பட்ட கட்டுரை

இனி அண்ணனின் தொழிலுக்கு வருகிறேன். வெப்.

1991 டிசம்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரம். ஹைபர்டெக்ஸ்ட் ஆராய்ச்சியாளர்களின் மாநாடு. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் காய்லியோவும் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். தலைப்பு வேர்ல்ட் வைட் வெப். கட்டுரை ஏற்கப்படவில்லை. வேண்டுமானால் ஒரு மேசை போட்டுச் செய்து காட்டுங்கள் என்றார்கள்.

கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போனால், மாநாடு நடக்கும் ஹோட்டலில் இண்டர்நெட் கிடையாது! இண்டர்நெட் இல்லாத இடத்தில் வெப்பை எப்படிக் காட்டுவது? ஹோட்டல்காரர்களிடம் பேசி ஒரு டெலிபோன் இணைப்பை மண்டபத்துக்குள் இழுத்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு, உங்கள் வழியாக இணைந்துகொள்கிறோம் என்று அனுமதி வாங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மோடம் அமெரிக்க மின்சாரத்துக்கு ஒத்துவராமல் அதையும் பிரித்து மேய்ந்தார்கள். ஒருவழியாகப் பக்கம் திறந்தது.

இரண்டே வருடம். 1993-ல் அதே மாநாடு சியாட்டிலில் நடந்தபோது, அங்கே காட்டப்பட்ட ஏறத்தாழ எல்லாச் செயல்விளக்கத்திலும் வெப் இருந்தது என்று பெர்னர்ஸ்-லீ பின்னாளில் எழுதினார். இதற்கு இடையில் நடந்த முக்கியமான காரியம், 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் வெப்பின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

1994 மே 25 முதல் 27 வரை ஜெனிவாவில் வெப்புக்கென்றே முதல் சர்வதேச மாநாடு. வர விரும்பியவர்கள் 800 பேர். இடம் இருந்தது 380 பேருக்குத்தான். அந்த வருட இறுதியில் சிகாகோவில் இரண்டாவது மாநாடு. அங்கே நார்வேக்காரரான ஹோகன் வியூம் லீ, இணையப் பக்கத்தின் எழுத்தையும் வண்ணத்தையும் உள்ளடக்கத்திலிருந்து பிரித்துத் தனியாக எழுதலாம் என்ற தன் யோசனையை முன்வைத்தார். அதுதான் வளர்ந்து சி.எஸ்.எஸ். ஆனது. அண்ணன் தினமும் திட்டிக்கொண்டே எழுதுவது அதைத்தான்.

கதவைத் திறந்தவர்கள்

வெப் பெரிதாகப் பெரிதாகக் கூட்டங்களும் வியாபாரமாகின. அழைப்பு இருந்தால்தான் உள்ளே என்ற கூட்டங்களும் வந்தன. கணினிப் புத்தகங்கள் வெளியிடும் ஓ'ரைலி நிறுவனம் 2003 முதல் ஃபூ கேம்ப் என்று ஒன்று நடத்தியது. அழைக்கப்பட்டவர்கள் மட்டும். 2005-ல் அழைப்பு கிடைக்காத சிலரும் அவர்கள் நண்பர்களும் சேர்ந்து, ஒரு வாரத்துக்குள் திட்டம் போட்டு, கலிபோர்னியாவில் ஒரு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூட்டம் போட்டார்கள். பெயர் பார் கேம்ப். ப்ரோகிராமர்கள் உதாரணத்துக்குப் பெயர் வைக்கும்போது ஃபூ என்றால் அடுத்தது பார். அதை வைத்து ஒரு நக்கல். கட்டணம் இல்லை, முன்கூட்டியே பேச்சாளர் பட்டியல் இல்லை. வந்தவர்களே சுவரில் நேரம் எழுதிப் பேசினார்கள். அடுத்த வருடம், 2006-ல், அதே பாணிக் கூட்டம் சென்னையிலும் நடந்தது. பந்தியில் இடமில்லை என்றால் தனியாக அடுப்பு மூட்டுவது என்பது இதுதான்!

ஆனால் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பதில்லை. பைத்தான் மொழிக்காரர்களின் அமெரிக்க மாநாடான பைகானில் 2011-ல் பேசியவர்களில் பெண்கள் வெறும் 1 சதவீதம். யாரும் தடுக்கவில்லை, விண்ணப்பமே வரவில்லை. ஜெசிகா மெக்கெல்லர் போன்றவர்கள் ஒரு சாதாரண காரியம் செய்தார்கள். பேசக்கூடிய பெண்களுக்கு ஒவ்வொருவராக எழுதி, "நீங்கள் பேசலாமே" என்று கேட்டார்கள். வர வசதியில்லாதவர்களுக்குப் பயண உதவி தந்தார்கள். 2016-ல் அது 40 சதவீதம் ஆனது. 1946-ல் விருந்துக்குக் கூப்பிடாமல் விட்டதற்கு, எழுபது வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்த அழைப்பிதழ் மாதிரி இருந்தது எனக்கு.

நம் விரல் நுனியில் ஒரு மாநாடு

நம் ஊர்க் கூட்டம் ஒன்றையும் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்ற மாநாட்டைத் தமிழக அரசு நடத்தியது. அப்போது தமிழில் தட்டச்ச ஆளுக்கு ஒரு விசைப்பலகை, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் ஜிலேபி ஜிலேபியாகத் தெரியும். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் கூடிப் பேசியதன் விளைவுதான் இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்று அமைந்த "தமிழ் 99" விசைப்பலகை. அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதே மாநாடு எழுத்துக் குறியீட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கையில் கொடுத்தது, டாம் ஒன்று, டாப் ஒன்று. இரண்டையுமே பின்னால் யூனிகோடு ஓரங்கட்டிவிட்டது. ஒரே கூட்டம், ஒன்றில் பாஸ், ஒன்றில் அரியர் :-)

பெரியம்மாவுக்குப் பதில்

பி.காம்.இல் "குட்வில்" என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கடையின் மேசை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டிய பிறகும் எண்ணில் அடங்காமல் மிச்சம் நிற்கும் மதிப்பு. அதைத் தனியாக எடுத்துக் காட்ட முடியாது. கடை கைமாறும்போதுதான் தெரியும். இந்தக் கூட்டங்களின் பயனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பஸ் டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் அந்த மாதமே செலவுக் கணக்கில் ஏறிவிடும். வரவு எப்போது வரும், யார் பெயரில் வரும் என்று சொல்ல முடியாது. வில்க்ஸுக்கு மூன்று வருடத்தில் வந்தது. எங்கெல்பார்ட்டின் வரவு பெரும்பாலும் வேறு யார் யாருக்கோ போனது.

இதில்தான் மேசைப் பையனுக்கும் பதில் இருக்கிறது. வரவு யார் மூலம் வரும் என்று தெரியாதபோது, கதவில் நின்று ஆள் பொறுக்குவது எப்படிச் சரியாகும்? தாமதமாக வந்தவர், வேறு பாடம் படித்தவர், கட்டுரை நிராகரிக்கப்பட்டவர்... இவர்கள் மூலம் எவ்வளவு வந்திருக்கிறது! உள்ளே வரவே முடியாமல் போனவர்களால் என்னவெல்லாம் வந்திருக்கும் என்று எந்தக் கணக்கு ஏட்டிலும் இல்லை.

போன மாதம் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இலவசம். வாசலில் இருந்த அக்கா பெயரை மட்டும் கேட்டு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். மேடையில் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. டீ இடைவேளையில் நாலு பேர் ஜி.எஸ்.டி. ரசீது போடும் மென்பொருள் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிவர்ஸ் சார்ஜ் என்றால் யார் வரி கட்டுவது என்பதில் குழப்பம். சரக்கு விற்றவர் கட்ட மாட்டார், வாங்கியவர்தான் கட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "உட்காருங்க, இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த அட்டை இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அம்மா இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி உள்ளே விட்ட கூட்டமோ, வெளியே நிறுத்திய கூட்டமோ இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, தகவலில் பிழை இருந்தால் திட்டாமல் சொல்லவும், திருத்திக்கொள்கிறேன் :-)